பின்னால் எத்தனை பேர்

ஐந்து மாதமாக நாலு ஸ்டாண்டின் மேல் நிற்கிறது சேஸிஸ்,
லிங்கராஜபுரத்தில், மாவு மில்லுக்குப் பின்னால்
வாடகைக்கு எடுத்த தகரக் கொட்டகையில்.
துரு என்று நினைத்துத் தேய்த்தால்
ராகி மாவு.

ஆக்ஸில் ஒரு பழைய ஜிப்சியுடையது.
இன்ஜின் எதிலிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.
முடிவாகாதது ஒன்றுதான்:
பட்டையா, சுருளா.

நான் பட்டைக் கட்சி.
ஏழு தகடு, ஒன்றின் முதுகில் ஒன்று,
நடுவில் ஒரு போல்ட், இரண்டு யூ கிளாம்ப்.
கனகபுரா தாண்டிக் காட்டுப் பாதையில் முறிந்தாலும்
கட்டையைச் செருகிக் கயிற்றால் இறுக்கி
லாரிகள் நிற்கும் வெல்டிங் கடைவரை
நொண்டி நொண்டி வந்துவிடலாம்.

ஜெசிந்தாவுக்குச் சுருள்.
கரண்ட் பில்லின் பின்பக்கமெல்லாம் அவள் போட்ட கோணங்கள்,
நாலு இணைப்புக் கம்பி, எட்டு புஷ்.
"ஒரு சக்கரம் பாறையில ஏறினா
இன்னொண்ணு பள்ளத்துக்குள்ள இறங்கணும்.
உன் பட்டை இறங்காது.
கம்பத்தைப் பார்த்த நாய் மாதிரி
ஒரு காலைத் தூக்கிக்கிட்டு நிக்கும்."

என் வேலை லிஃப்ட் பராமரிப்பு.
ஒயிட்ஃபீல்டில் பதினெட்டு மாடிகளுக்கு அடியில்
குழிக்குள் இறங்கி நிற்பேன்.
அங்கேயும் சுருள் உண்டு,
என் இடுப்பு உயரம், பச்சைப் பெயிண்ட் உதிராமல்.
எல்லாம் கைவிட்டுப் பெட்டி கீழே வந்தால் மட்டும்
அதற்கு வேலை.
பன்னிரண்டு வருடமாகத் துடைக்கிறேன்.
ஒருமுறையும் அமுங்கிப் பார்த்ததில்லை.
சுருள் என்றாலே எனக்கு
நடக்கக் கூடாத ஒன்றுக்காக
இருட்டில் காத்திருப்பது.

இதை அவளிடம் சொல்லவில்லை.
விலை அதிகம் என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை, சிவாஜிநகர் குஜிரி.
நயீமுல்லா கடையில் பட்டைகள் எடைக்குக் கிடக்கின்றன,
சுருள்கள் ஜோடி ஜோடியாக, சுண்ணாம்பில் எண் எழுதி.
தமிழில் தொடங்கி உருதில் வளைந்து
கன்னடத்தில் முடியும் அவர் வாக்கியம்:
முன்பக்கம் இன்ஜின், அந்த எடை மாறாது,
பின்பக்கத்தில்தான் கணக்கே இருக்கிறது.
"பின்னால எத்தனை பேரு?"

"ரெண்டு" என்றேன்.
"யாரும் இல்ல" என்றாள்.
ஒரே நேரத்தில்.

நயீமுல்லாவுக்குத் திடீரென்று டீ குடிக்கத் தோன்றியது.

இரும்புக் குவியலுக்கு நடுவே நாங்கள் இருவர்.
ஒரு பட்டையின் ஓரத்துத் துருவை
நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டாள்,
"ரெண்டுன்னா யார் யாரு?"
"தெரியல. சும்மா, ஒரு எடை."
"எடைன்னா? எழுபது கிலோவா,
பதினஞ்சா?"

வெளியே ஒரு ஆட்டோ
ரிவர்ஸில் கத்திக்கொண்டே வந்து
கத்திக்கொண்டே நின்றது.
எனக்குப் பதில் வரவில்லை.
அவளும் பதிலுக்கு நிற்கவில்லை.

டீ வாசனையோடு அவர் திரும்பியபோது
ஜெசிந்தாவே சொன்னாள்:
முன்னால் சுருள். பின்னால் பட்டை.
ரெண்டைக் கழற்ற வேண்டாம்,
ஒன்று போதும்,
ஆறு இருக்கட்டும்.

பிறகு மூன்று ஞாயிறுகள் வெல்டிங்.
என் இடது புருவத்தில் பாதி போனது.
புஷ் ஒன்றைத் தலைகீழாகப் போட்டு
அதைக் கண்டுபிடிக்க ஒரு இரவு.
நேற்று சாயங்காலம்
ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாக உருவினோம்.
ஜாக்கியை அவள் இறக்க இறக்க
டயர் மெல்லத் தரையைத் தொட்டு, அகன்று,
வண்டி முதல்முறையாகத்
தன் கனத்தைத் தானே வாங்கிக்கொண்டது.

டேப் பிடித்தாள்.
பின்பக்கம் மூன்று அங்குலம் இறங்கும் என்பது அவள் கணக்கு.
இறங்கியது இரண்டரை.

நான் வாயைத் திறப்பதற்குள்
சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டாள்:
டேங்க் காலி.
பின் சீட் இன்னும் போடவில்லை.