விரல் நின்ற பக்கம்

இரவு ஷிப்ட் முடிந்து
பாயான் லெப்பாஸ் பஸ் என்னை
ஜெலுத்தோங்கில் இறக்கிவிட்டபோது ஏழே கால்.
சனிக்கிழமை.
பதினொன்றாவது மாடி, சமையலறை மேசை,
ஆறிக்கொண்டிருக்கும் கோப்பி,
கறுப்பு அட்டை வேதாகமம்.
தொழிற்சாலைச் சீருடையோடே உட்கார்ந்து
கண்ணை மூடிக்கொண்டேன்.

நேற்றிரவு ஞானதாஸ் எழுதியிருந்தான்,
ஆறு வருடத்துக்குப் பிறகு:
"வரலாமா?"
ஜொகூரிலிருந்து ஒரு சொல்,
அதன் பின்னால் ஒரு கேள்விக்குறி.

ஆண்டவரே, நீர் சொல்லும், நான் செய்கிறேன்
என்று சொல்லி விரலை விட்டேன்.
கூடாரத்துத் திரைகளின் அளவு வந்தது.
இருபத்தெட்டு முழ நீளம், நாலு முழ அகலம்.
சன்னலுக்குத் திரை தைக்கவா கேட்டேன்?

இன்னொரு தரம்.
ஒருவன் ஒருவனைப் பெற்றான்,
அவன் மற்றொருவனைப் பெற்றான்,
பக்கம் முடியும்வரை பெற்றுக்கொண்டே போனார்கள்.
எவனும் வீட்டைவிட்டுப் போனதாகவோ
திரும்பி வந்து கதவைத் தட்டியதாகவோ இல்லை.

ஜெபக் குழுவில் கேட்டால்
உள்ளத்தில் சமாதானம் வருகிறதா பார் என்பார்கள்.
பார்த்தேன்.
தூக்கம்தான் வந்தது.

மூன்றாம் தரம் விரலை நானே
கொஞ்சம் தள்ளினேன், பொய் சொல்லமாட்டேன்.
மன்னிப்பைப் பற்றிய இடம்
புத்தகத்தின் எந்தத் தடிமனில் இருக்கிறதென்று
கைக்குத் தெரியும்.
ஆனால் தாள் வழுக்கி
பழையதற்கும் புதியதற்கும் நடுவே
குடும்ப விவரப் பக்கத்தில் போய் நின்றது.

விவாகம்: அவன் கையெழுத்து, அச்சடித்ததுபோல்.
பிறப்பு: ப்ரிசில்லா, மூன்று கிலோ இருநூறு,
எடையை எதற்கு எழுதினேனோ.
அதன் ஓரத்தில், சாய்வாக,
கேஸ் சிலிண்டர்காரரின் நம்பர்;
அன்று கைக்கு எட்டியது இந்தத் தாள்தான்.
மரணம் என்ற தலைப்பின் கீழே
ஒன்றுமில்லை.
அவன் போன இரண்டாம் வருடம் ஒருநாள்
அந்தக் கோட்டின்மேல் பேனாவை வைத்து
வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

விரலை எடுத்துவிட்டேன்.
சிவப்பு நாடா கிடந்த இடத்தைத் திறந்தேன்,
போன வாரம் பஸ்ஸில் நிறுத்தியது.
விட்ட இடத்திலிருந்து வரிவரியாக வாசித்தேன்.
எஜமானியைத் தாங்கமுடியாமல் ஓடிய அடிமைப்பெண்,
வனாந்தரத்தில், ஒரு ஊற்றோரம்.
தூதன் வருகிறான்.
வழி சொல்வான் என்று பார்த்தால்
கேள்வி கேட்கிறான்,
எங்கிருந்து வருகிறாள், எங்கே போகிறாள் என்று.
முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறாள் அவள்.
இரண்டாவதற்கு அவளிடமும் இல்லை.

அடுத்த வரியையும் வாசித்தேன்.
திரும்பிப் போகச் சொல்கிறது அது.
ஓடினது நானில்லையே ஆண்டவரே
என்று மேசையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்.
நான் இங்கேதான் இருந்தேன்.
லிஃப்ட் பழுதான மாதத்தில்
காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு
பதினொரு மாடியும் ஏறினேன்.
அந்த வரி எனக்கா, அவனுக்கா,
அந்தப் பெண்ணுக்கு மட்டும்
அந்த ஒருநாளுக்கு மட்டும் சொன்னதா,
தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

கேள்வி மட்டும் போகாமல் நின்றது,
பஸ் டிரைவர் சில்லறைக்குக் கை நீட்டி
எந்த ஊர் என்று கேட்பதைப்போல.
அதையே தட்டினேன்:
"எங்கிருந்து வர்றீங்க?
எங்க போறதுக்கு வர்றீங்க?"

இரண்டு நீலக் குறி.
எழுதுகிறான் என்று காட்டியது.
நின்றது.
கீழே ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள்
ஹாரன் அடித்துக்கொண்டு புளோக்கைச் சுற்றியது.
மறுபடி எழுதினான். மறுபடி நின்றது.

ப்ரிசில்லா முடியைக் கட்டிக்கொண்டே வந்து
"இன்னும் தூங்கலையாம்மா?" என்றாள்.
உட்கார், ஒன்று சொல்லணும் என்றேன்.
வேதாகமத்தை மூடாமல் ஓரமாக நகர்த்தி
அவள் தட்டுக்கு இடம் பண்ணினேன்.