முப்பத்துநான்காம் இடம்

குடிப்பீங்களா என்றார் முதல் டாக்டர்.
இரண்டாமவரும்.
மூன்றாமவர் என் பக்கம் திரும்பி, குரல் தாழ்த்தி,
"நீங்களாவது உண்மையச் சொல்லுங்கோ."
அண்ணன் கொட்டாஞ்சேனையில் பூட்டு விற்கிறவன்.
கல்யாண வீடுகளில் நெக்டோ போத்தலோடு
சுவரோரம் நிற்கிறவன்.
இருபத்தொன்பது வயதில் கணையம் முழுக்கக் கல்.
ஸ்கேனில் பார்த்தேன்,
சிந்திய கல்லுப்பு மாதிரி.

உறவுக்காரரின் இரத்தமும் வேண்டுமாம்.
பெரியாஸ்பத்திரியில் படிவம் நீட்டியவளுக்குப் பெயர் செவ்வந்தி,
சிங்களப் பிள்ளை.
நாலாவது கட்டத்தில் 'ஜாதிய' என்றிருந்தது,
கீழே தமிழில் 'இனம்'.
கிராண்ட்பாஸ் சந்தியில் மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்து
ஒரு காலம் கேட்ட அதே கேள்வி.
பேனாவை எடுக்காமல்
கை அடையாள அட்டையைத் தேடிப் போனது.

அவள் படம் கீறிக் காட்டினாள்:
செரிக்கும் நீருக்கு ஒரு பூட்டு,
குடலுக்குப் போகும்வரை திறக்கக் கூடாது,
உள்ளேயே திறந்தால் தன் வீட்டையே தின்னும்.
(அண்ணன் சிரித்தான், வயிற்றைப் பிடித்தபடி.)
வெள்ளைக்காரரில் சிலருக்கு வேறோர் இடத்தில் பழுது,
ஜப்பான் பக்கம் இன்னோரிடத்தில்,
"நம்ம பக்கம் கூட, முப்பத்துநாலாம் இடம்.
ஒரேயொரு எழுத்து மாறும்."

நம்ம என்றாள், படித்தெடுத்த தமிழில்.
எங்கட என்றிருந்தால் நான் வெளியே.
அவள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல், 'அபே'.
தெரிந்து சொன்னாளோ, தவறிச் சொன்னாளோ.

வாங்கில் முழங்கை மடக்கிப் பஞ்சை அழுத்தியபடி
கடுவெலைப் பியரத்ன, மேசன்.
கொம்பனித்தெரு துவான் சல்டின்.
மகளின் தலையை மடியில் வைத்திருந்த நுஸ்லா.
வலி வரும்போது எல்லோரும்
ஒரே பக்கம்தான் குனிகிறார்கள், முன்னால்.

ஆறு கிழமையில் முடிவு வந்தது.
அண்ணனுக்கு இருக்கிறது அந்த எழுத்து.
சல்டினுக்கும், அந்தச் சிறுமிக்கும்.
எனக்கும்.
கொத்துரொட்டி, பொரித்த ஈரல், எதையும் தாங்கும்
என் வயிற்றுக்குள்ளும்.
"இருந்தா வரும் எண்டில்ல அக்கா,
வேற என்னவோவும் சேரணும்.
அது என்னண்டு இன்னும் சரியாத் தெரியாது."

இரவு, பிட்டோடு மாத்திரையை விழுங்கினான்.
நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
தங்கைக்கு வராமல் போனதைப் பற்றி
ஒன்றும் சொல்லவுமில்லை அவன்.
கையைக் கழுவிவிட்டு வந்து கேட்டான்:
பியரத்னவுக்கு?

ஒண்டும் இல்லையாம்.
தேடின இடம் எல்லாம் சரியா இருக்காம்.

பாவம், என்றான்.