உயிர்ச்சான்று

நவம்பரில் ராஜா வருவார்.
சத்துவாச்சாரி, ஆட்சியர் வளாகம், தரைத்தளம்,
கருவூலம், டோக்கன் நாற்பத்தேழு.
கருவூலம் என்பது அவர் வீட்டுச் சொல்.
இப்போது அதற்குள்ளே நான்,
கம்பிக்கு வெளியே அவர்.

திம்மராய நாயனி, வயது எழுபத்தொன்று,
பாகாயத்தில் ஜெராக்ஸ் கடை.
அரசியல் ஓய்வூதியம், மாதம் ரூபாய் பதினொன்று,
பைசா நாற்பத்திரண்டு.
கோட்டையை இடித்த கையோடு
வெள்ளைக்காரன் எழுதிக் கொடுத்தது.
அன்றைக்கு அதில் யானைக்குத் தீனி போட்டார்களாம்.
ஏழு தலைமுறை வகுத்து வகுத்து
டீயும் வடையுமாக வந்து நிற்கிறது.

விரலை வைக்கச் சொன்னேன்.
இயந்திரம் சிவப்புக் காட்டியது.
தாள் தள்ளித் தள்ளி ரேகை தேய்ந்த கை.
பத்து விரலும் பார்த்தோம்.
"ராஜாவுக்கே கைநாட்டு விழலியா?"
பின்னால் நின்ற ஓய்வுபெற்ற கண்டக்டர் சிரிக்க
அவரும் சிரித்தார்.
கடைசியில் பழைய வழிதான்:
நேரில் கண்டேன், உயிருடன் இருக்கிறார்.
பதினாலு வருஷமாக ஒரு ராஜாவைச்
சாகாமல் வைத்திருப்பது
என் பச்சை மை.

அவருக்குத் தெரியாது, நானும் கல்லேரிப்பாளையம்.
பாளையம் இல்லை. பாளையத்துக் காலனி.

தேரில் முதல் மரியாதை யாருக்கென்று
மேலத்தெருவும் கீழத்தெருவும் மோதிய வருஷம்
மூன்று மண்டை உடைந்து ஒரு வழக்கு.
தாசில்தார் தேடிப் பிடித்த சமாதானம் இவர்.
அணைக்கட்டு பஸ்ஸில் வந்து இறங்குவார்,
பரிவட்டம் கட்டுவார்கள்,
வடத்தைத் தொடுவார்,
ஒன்பது மணி வண்டியில் திரும்பிவிடுவார்.
அதிகாரம் எதுவும் மிச்சமில்லாததால்
அந்த இடத்துக்கு அளவெடுத்ததுபோல் இருந்தார்,
ஆடும் மேசைக் காலுக்கு
மடித்து வைத்த அட்டை மாதிரி.

இந்த வருஷம் மகளும் வந்தாள். வகுளா.
டயாலிசிஸ் பிரிவில் இரவுப் பணி முடித்த கண்கள்.
"மேடம், இதை நிறுத்தணும். எந்த ஃபாரம்?"

தேடினேன்.
உயிரோடு இருக்கப் படிவம் உண்டு.
செத்துப் போனதற்கு உண்டு.
வாரிசுக்கு மூன்று நகல், நோட்டரி முத்திரை.
ராஜாவாக இருக்க இஷ்டமில்லை என்பதற்கு
சர்க்காரிடம் காகிதம் இல்லை.
"வெள்ளைத்தாளில் எழுதிக் குடுங்க" என்றேன்,
எனக்கே நிச்சயமில்லாமல்.

"பணத்தை விட்டுடலாம்மா," அவர்
பெண்ணைப் பார்க்காமல் சொன்னார்.
"வடத்தை நான் தொடலைன்னா அடிச்சுக்குவாங்க."
"எத்தனை வருஷம் நடுவுல நிப்பீங்க?
உங்களுக்கப்புறம் எனக்குப் பரிவட்டம் கட்டுவாங்களா?"
"கட்டமாட்டாங்க."
"நிம்மதி" என்றாள்.
முகத்தில் அது இல்லை.

சீட்டில் உட்கார்ந்து பேசக்கூடாததை
அப்போது பேசிவிட்டேன்.
"தேர் எங்க தெருவுக்கு வராதுங்க.
புளியமரத்தோட திரும்பிடும்."
"எந்தத் தெரு?"
சொன்னேன்.

பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.
கண்டக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.
"திரும்புற இடம் வரைக்கும்
நான் இருந்ததே இல்லம்மா."

நாற்பத்தெட்டைக் கூப்பிட்டார்கள்.
அப்பாவும் பெண்ணும்
ஒருவருக்கொருவர் பையை வாங்கிக்கொள்ள முயன்றபடி
வெயிலில் இறங்கிப் போனார்கள்.
வெள்ளைத்தாளில் வகுளாவின் எழுத்து
'பொருள்:' வரைக்கும் வந்து நிற்கிறது.
கோப்பில் செருகி, நிலுவை என்று குறித்தேன்.

பங்குனிக்கு நாலு மாதம் இருக்கிறது.
ஒன்பது மணி வண்டியை அவர் தவறவிடுவாரா,
வடத்தைத் தொட ஆள் வருமா, தெரியாது.
தேர் அன்றைக்கு
நான் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்,
இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.