இரண்டு விரற்கடை

இரண்டு வருடம் வாடைக்காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன்.
பாம்பன் பாலத்தில் ஏறியதும்
ஸ்டியரிங்கை இடப்பக்கம் கொஞ்சம்
இழுத்துப் பிடித்தால்தான் வண்டி நேரே போகும்.
வடக்கிலிருந்து தள்ளுகிறது, வேறென்ன.
தங்கச்சிமடத்தில் நண்டை இறக்கிவிட்டுத்
திரும்பும்போதும் இடப்பக்கமே இழுத்தேன்.
அதே காற்று
வரும்போது மட்டும் எப்படித் தெற்கிலிருந்து அடிக்கும் என்று
கேட்டுக்கொள்ளவில்லை.
மார்கழி போய்
ஆனியில் கச்சான் வந்தது.
அப்போதும் இடப்பக்கம்தான்.
கச்சானையும் திட்டினேன்.

ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிற கடை.
முன்சக்கரம் இரண்டிலும் தட்டு மாட்டி
திரையில் பச்சை வரும்வரை திருகினான் புவனேந்திரன்.
அறுநூறு ரூபாய்.
மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் பச்சை.
மூன்று தடவையும்
பட்டணம்காத்தான் தாண்டுமுன் கை தானாக இடப்பக்கம் போனது.
“பின்னாடி பார்க்க வேண்டாமா?”
“பின்னாடி ஒரே அச்சுண்ணே, ஒத்தை இரும்பு.
திருகுறதுக்கு அதுல நட்டே கிடையாது.
கம்பெனிக்காரன் நேரா மாட்டுனது நேராத்தான் இருக்கும்.”
சரி என்றுதான் பட்டது.
திருக வழியில்லாதது கோணாது என்று
நானும் நம்பினேன்.
புது டயர் ஒன்று ஓரம் மட்டும் தேய்ந்து
ரம்பப் பல்லாகக் கையைக் கீறியபோதும்.

முனைக்காட்டுக் கரை. விடிந்தும் விடியாமல்.
நீர் வற்றிய ஈரமணலில் வண்டியை இறக்கி
கூடைகளுக்காக நின்றிருந்தேன்.
வண்டி வந்த தடத்தோடு நடந்து வந்த சலேத்மேரி
தலைச்சுமையை இறக்காமலே கேட்டாள்:
“ரெண்டு வண்டியிலயா வந்தீக?”

பார்த்தேன்.
முன்சக்கரம் போட்ட தடத்தில்
பின்சக்கரம் முழுதாக ஏறவில்லை.
நாலு விரல் அகலத்துக்கு
இடப்பக்கம் புதுமணலைத் தின்றிருந்தது.
நெடுக, கருவேலங்காடு வரைக்கும் அப்படியே.
மூக்கை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு
இன்னொரு பக்கம் நடந்திருக்கிறது வண்டி,
இரண்டு வருடமாக.
பின்னால் ஐஸுக்கடியில் எட்டுப் பெட்டி நண்டு.
அதுகளுக்குத் தெரிந்திருக்கும்.

உச்சிப்புளி மீராசாவிடம் திரை கிடையாது.
தூண்டில் நரம்பு இருந்தது.
வலப்பக்கம், முன்சக்கர நடுவிலிருந்து
பின்சக்கர நடுவுக்கு இழுத்து முடிச்சுப் போட்டார்.
அதே நரம்பை இடப்பக்கம் கொண்டுபோனார்.
முடிச்சு எட்டவில்லை.
விரலை வைத்துக் காட்டினார். இரண்டு விரற்கடை.

“அப்ப அச்சு வளைஞ்சிருச்சா?”
“அச்சு நேராத்தான் இருக்கு.
அது உக்காந்த இடம் நகர்ந்துபோச்சு.”

பட்டைக்கு நடுவில் சுத்தியலால் ஒரு தட்டு.
சென்டர் போல்ட்டின் தலை தனியாக வந்து விழுந்தது,
சொத்தைப் பல் மாதிரி, உள்ளே கறுத்து.
நண்டுத் தண்ணீர் வடிந்து வடிந்து
உப்பு அறுத்த இடம்.
எந்தப் பள்ளத்தில் முறிந்ததோ, எந்தப் பாரத்தில்.
போல்ட் நாற்பது ரூபாய்.
கிளாம்பு நாலும் மாற்ற வேண்டும் என்றார்.
கழற்றும்போது ஒன்று கையோடு ஒடிந்தது.

“அப்ப ஒத்தை அச்சுக்கு அலைன்மெண்ட் உண்டா, இல்லையா பாய்?”
கையைத் துடைத்துவிட்டு டீயை எடுத்தார்.
ஆடை படிந்திருந்ததை விரலால் ஒதுக்கினார்.
“திருகுறதுக்கு இல்ல. பார்க்குறதுக்கு உண்டு.
நீ பார்க்கச் சொன்னியா அந்தப் பையங்கிட்ட?”
சொன்னேன்தான்.
ஒரு தடவை.

மறுநாள் பாலம்.
பங்குனி. இரண்டு பக்கமும் கடல்
ஊற்றிவைத்த எண்ணெயாகக் கிடந்தது.
வண்டி நேராகப் போனது.
என் கை இடப்பக்கம் இழுத்தது.
கைப்பிடிச் சுவர் கிட்டத்தில் வந்து விலகியது.
பின்னால் வந்த பஸ்காரன்
நீளமாக ஹாரன் அடித்தான்.

கொடி அசையவில்லை, ஒரு படகிலும்.
யாரைத் திட்டுவது என்று தெரியாமல்
தங்கச்சிமடம் வரை
கையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.