மூன்றின் வால்

டொலீடோவில் நவம்பர். கராஜுக்குள்ளும்
மூச்சு வெள்ளையாகத்தான் வருகிறது.
எம்மெட் சொப்சாக் தார்ப்பாயை விலக்குகிறார்,
வெந்த கிழங்கின் தோலை உரிப்பதுபோல், சூடு பார்த்துப் பார்த்து.
அடியில் அறுபத்தேழாம் வருடத்துக் கார்வெட்.
கரும்பச்சை. இடது கதவு மட்டும்
வேறொரு பச்சை.

"ஒரே இன்ஜின். பிறந்ததிலிருந்து."
எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்,
பொய் சொல்பவர்கள் சத்தமாக,
நம்புகிறவர்கள் மெதுவாக.
இவர் மெதுவாகச் சொன்னார்.

வாங்கப்போகிறவர் கிராண்ட் ராபிட்ஸில் பல் மருத்துவர்.
என் கூலி அவர் பணம்.
எண் பொருந்தினால் ஒரு விலை,
பொருந்தாவிட்டால் அதில் முக்கால்கூட இல்லை.
அந்த மிச்சத்தை எம்மெட் ஏற்கெனவே
மனசுக்குள் செலவழித்தாயிற்று:
கூரைக்குப் பாதி, மனைவியின் இடுப்பெலும்புக்குப் பாதி.

வலப்பக்கம், சிலிண்டர் வரிசைக்குச் சற்று முன்னால்,
இரண்டு விரல் அகலத்தில் ஒரு திட்டு.
இன்ஜினின் தலையெழுத்து அங்கே.
நம்முடையதை மயிர் மூடியிருக்கிறது,
இதை எண்ணெய்ப் பிசுக்கு.
உப்புத்தாள் கூடாது. கம்பி பிரஷ் கூடவே கூடாது.
கரைப்பானில் நனைத்த பஞ்சு,
காது குடைகிற பொறுமை.

ஒவ்வொன்றாக வெளியே வந்தன.
வண்டிக்குள் தகட்டில் அறைந்திருந்த
கடைசி ஆறு இலக்கமும் அப்படியே, வரிசை மாறாமல்.
"பார்த்தீங்களா" என்றார் என் தோளுக்குப் பின்னால்.

பார்த்தேன்,
எண்ணை அல்ல, அதற்கு அடியில் இருக்கவேண்டியதை.
ஆலையில் அந்த முகத்தைச் சீவிய இயந்திரம்
நீளவாக்கில் நுண்கோடுகள் விட்டுப்போயிருக்கும்,
எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைபோல.
இங்கே ஒரு கோடு இல்லை.
சவரம் செய்த கன்னம்.

டார்ச்சையும், பல் மருத்துவர்கள் வாய்க்குள் விடுவார்களே,
அந்தச் சின்னக் கண்ணாடியையும்
பின்சுவர் இடுக்கில் நுழைத்தேன்.
வார்ப்புத் தேதி துருவில் புடைத்து நின்றது:
மே ஒன்பது.
வண்டி செயின்ட் லூயிஸ் ஆலையை விட்டுக் கிளம்பியது
அதே வருடம் மார்ச் நடுவில்.
இரண்டு மாதம் இன்ஜினே இல்லாமல் ஓடியிருக்கிறாள்,
புண்ணியவதி.

இதோடு எழுந்திருக்கலாம்.
வருடத்துக்கு நாலைந்து இப்படிப் பார்க்கிறேன்.
ஆனால் அந்த மூன்று.

மூன்றின் வால் நுனி உடைந்திருந்தது.

டேட்டன், எண்பத்தொன்பது. வெர்ஜில் ஹாஸின் பட்டறை.
எனக்கு இருபத்தாறு வயது, நல்ல கை.
ரொம்ப நேராக அடித்தால் மாட்டிக்கொள்வோம்;
ஆலைக்காரன் சாப்பாட்டு மணிக்கு முன்னால்
அவசரத்தில் அடித்த கோணல் வேண்டும்.
அந்தக் கோணல் எனக்கு வரும்.
வேறு யாருக்கும் வராது என்பதில் ஒரு கர்வம்கூட.
இன்ஜினுக்கு நாற்பது டாலர்.
மூன்றாம் எண் அச்சை ஒருநாள்
சிமென்ட் தரையில் போட்டுவிட்டேன்.
"யார் பார்க்கப்போறா, அடி" என்றார் வெர்ஜில்.

நான்தான், வெர்ஜில்.
முப்பத்துநாலு வருடம் கழித்து,
முட்டி வலிக்க, வேறொருத்தர் கராஜில்.

எம்மெட்டிடம் தேதியைச் சொன்னேன். கோடுகளைச் சொன்னேன்.
மூலையில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார்.
தொண்ணூற்றுநாலில் வாங்கியதாம். சீட்டு எல்லாம் இருக்கிறதாம்.
"நல்லாத்தானே ஓடுது" என்றார்,
என்னிடம் இல்லை, வண்டியிடம்.

படிவத்தில் எழுதினேன்:
எண் பொருந்துகிறது. அச்சு பிற்காலத்தது.
அடித்தது யார் என்று கேட்கிற கட்டம்
அந்தப் படிவத்தில் கிடையாது;
படிவத்தைத் தயாரித்ததும் நான்தான்.

"எந்தத் திருட்டுப்பயலோ" என்றார் எம்மெட்.

பேனாவை மூடினேன். திறந்தேன்.

"பயல் இல்லை" என்றேன்.

அவர் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை.
வலக்கையைப் பார்த்தார்.
கையுறை போட மறந்திருந்தேன்,
நகக்கண் வரைக்கும் கறுப்பு.