காது

பூம்பாறைப் பள்ளியில்
நாலாம் வகுப்புக்கு வாசித்துக்கொண்டிருந்தேன்,
நான் எழுதிய கதையை:
ரோடு இல்லாத காலத்தில்
பூண்டு மூட்டைகளோடு மலையிறங்கி
உப்பும் தபாலும் கொண்டு ஏறிய வேலப்பன்,
அவனுடைய குதிரை.

"குதிரை இல்ல, கோவேறு கழுதை"
என்றாள் கனிஷ்கா, கட்டிய கையை அவிழ்க்காமல்.
"எங்க பூட்டனோடது. பேரு மொட்டச்சி.
காது இம்புட்டு நீளம்."

அட்டையில் கழுதை எடுபடாது என்றவர்
பதிப்பாளர்.
தலையாட்டியது நான்.
அதை வகுப்பில் சொல்லவில்லை.

கடைசிப் பக்கம்.
மூடுபனி, சன்னலில் மஞ்சள் வெளிச்சம்,
வீடு திரும்பும் இருவர்.
கனிஷ்கா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து
வேலப்பன்மேல் கட்டைவிரலை வைத்தாள்.
"இது மட்டுந்தான் வந்துச்சு.
முதுகுல உப்பு அப்பிடியே."

மணி அடித்தது.
தட்டுகளோடு ஓடிவிட்டார்கள்.

வத்தலக்குண்டு பஸ்ஸில்
மீதி முப்பத்தேழு பிரதிகளுக்கும்
பென்சிலால் காது நீட்டிக்கொண்டு இறங்குகிறேன்.
பெருமாள்மலை வளைவில் ஒன்று
கொம்பாகிவிட்டது.

கடைசிப் பக்கம் வரும்போதெல்லாம்
என் கட்டைவிரலை வைத்துப் பார்க்கிறேன்.
பெரிதாக இருக்கிறது.
மொட்டச்சியும் மறைந்துபோகிறாள்.