லொடக்

டொக்கா, கடக்கா, லொடக்கா,
முதலில் அதைச் சொல் என்றேன்.
ஜூஜூனா கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
வாயாலேயே ஓட்டிக் காட்டினாள்:
ரயில்வே கேட்டில் ஒன்று,
ரொட்டிக்கடைப் பள்ளத்தில் இரண்டு,
ரியோனி ஆற்றுப் பாலம் ஏறும்போது
எண்ண முடியாது.

டொக் என்றால் பால் ஜாயிண்ட்.
கடக் என்றால் புஷ்,
ரப்பர் தேய்ந்து இரும்பை இரும்பு தொடுகிறது.
லொடக் என்றால்
ஸ்டெபிலைசர் லிங்க், எழுதித் தருகிறேன் என்றேன்.
எழுதியும் தந்தேன், பில்.

அடுத்த செவ்வாய் அவள் வந்தாள்,
சத்தமும் கூடவே வந்தது.
மறுபக்க லிங்க்கையும் மாற்றினேன்.
அதற்கடுத்த செவ்வாயும் வந்தாள்.

சரி, நீ ஓட்டு, நான் கேட்கிறேன் என்று ஏறிக்கொண்டேன்.
ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்து
கப்பலில் குட்டாயிசிக்கு வந்த வண்டி,
ஸ்டீயரிங் வலப்பக்கம், எனக்கு இடது இருக்கை.
மழை. நடுரோட்டில் ஈரமாக இரண்டு மாடு.
ரயில்வே கேட்: சத்தமில்லை.
பள்ளம்: சத்தமில்லை.
பாலத்தில் வைப்பர் மட்டும் அழுதது.
உன்னைக் கண்டால் அதற்குப் பயம், முர்தாஸ், என்றாள்.

இறங்கி நடைபாதையில் நின்று
தனியாகப் போய்வரச் சொன்னேன்.
லொடக். தெருமுனை வரை கேட்டது.
பையன் ராமாஸை ஏற்றி அனுப்பினேன்,
ஒல்லிப்பிச்சான், ஐம்பது கிலோ தேறமாட்டான்:
பாதிச் சத்தம்.
நான் நூற்றுப் பன்னிரண்டு.

எப்போதிலிருந்து?
பிப்ரவரி.
பிப்ரவரியில் என்ன மாறியது?
வண்டியில் ஒன்றும் மாறவில்லை, என்று சொல்லி
இடது இருக்கையைப் பார்த்தாள்.
நீளக் கால் ஆளுக்காக
கடைசிப் பல் வரை பின்னால் தள்ளியபடியே இருந்தது அது.
கேட்டுப் பிழைக்கிறவன் நான்.
அன்று கேட்கவில்லை.

தூக்கி நிறுத்தி, சக்கரம் கழற்றி,
இரண்டு தடவை நான் பார்த்தும் துடைக்காத சேற்றைத் துடைத்தேன்.
முன்பக்க இடது ஸ்பிரிங்கில்
அடிச்சுற்றின் நுனி உடைந்து
கட்டைவிரல் நீளத் துண்டு தன் கிண்ணத்தில் கிடந்தது.
ஆள் உட்கார்ந்தால் பாரம் அதை அமுக்கிப் பிடிக்கும்.
ஆள் இல்லையென்றால்
பள்ளத்துக்குப் பள்ளம் எழுந்து எழுந்து விழும்.

துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
முறிந்த முகத்தில் பாதி துரு, பாதி புதுப் பளபளப்பு.
அப்படியென்றால் பிப்ரவரியில் உடையவில்லையா?
இல்லை. விரிசல் பழசு.
எவ்வளவு பழசு?
துருவைப் பார்த்தால் இரண்டு குளிர்காலம் இருக்கும்.
இரண்டு குளிர்காலம், என்று திருப்பிச் சொன்னாள்,
மருந்துக்கடையில் ராத்திரி கல்லாப்பெட்டி எண்ணுகிறவள்,
அதே குரலில்.

ஸ்பிரிங்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.
அதைச் சொல்ல எனக்கு ஏனோ கூச்சமாக இருந்தது.
லிங்க்குகளுக்கு வாங்கிய பணத்தைக் கழித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை போன் அடித்தாள்.
மறுபடியுமா, என்று எழுந்தே விட்டேன்.
இல்லை, ஒன்றுமே கேட்கவில்லை.
ரேடியோ போட எவ்வளவு ஆகும்?
ஸ்பீக்கர் இரண்டு பக்கமுமா என்றேன்.
என் பக்கம் மட்டும் போதும் என்றாள்.
போனில் கொஞ்ச நேரம் வண்டி ஓடும் இரைச்சல்.
பிறகு,
சரி, அந்தப் பக்கமும் போடு.